செவ்வாய்க்கிழமை வண்டி

தென்மாவட்டங்களில் நூறாண்டு கடந்த ஒரு மிஷன் மருத்துவமனை, இனிக் குணப்படுத்த இயலாது என்ற நிலையை எட்டிய புற்றுநோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிக்கும் சேவையொன்றை நடத்துகிறது. மருத்துவர்கள் அதைப் ‘பாலியேட்டிவ் கேர்’ என்பார்கள். எங்கள் ஊரில் ‘செவ்வாய்க்கிழமை வண்டி’ என்றால்தான் தெரியும். என் அத்தையின் பொருட்டு அந்தச் சேவையை ஏழு மாதங்கள் பயன்படுத்தினோம். அதைப் பற்றி உறவினர்களும் நண்பர்களும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருப்பதால், ஒரே இடத்தில் விரிவாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன் என்பது ஒரு காரணம். இதைப் போன்ற பிரிவுகள் வேறு பல ஊர்களிலும் இயங்குவதால், ஒரு பெயரைக் குறித்துக்கொள்வதைவிட, அத்தகைய சேவையில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதே வாசிப்பவருக்குப் பயன்படும் என்பது மற்றொன்று.

அத்தை மிஷன் தொடக்கப்பள்ளியில் 34 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். ஞாயிறு பள்ளியிலும் அவரிடம் படிக்காதவர்கள் எங்கள் சபையில் குறைவு. மார்பில் கட்டி இருப்பதை இரண்டு ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் மறைத்தார். கட்டி உடைந்து புண்ணாகி, புண்ணிலிருந்து வாடை எழத் தொடங்கிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அப்போது நோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. ஆலயத்தில் இரண்டாவது வரிசையில் அமர்ந்து வந்தவர், முதலில் கடைசி வரிசைக்குப் போனார். பின்னர் வாசலை ஒட்டிய நாற்காலிக்கு. அதன்பின் ஆலயத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார். காரணம் கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்று சொன்னார்.

வண்டி வருவதற்கு முன்பே வேறொரு ஊழியம் எங்கள் வீட்டுக்கு வந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு விரும்பாமலே கிடைத்தது. வெளியூரிலிருந்து சுகமளிக்கும் ஜெபக்குழு ஒன்று, தூரத்து உறவினர் ஒருவரின் அழைப்பின்பேரில் இரண்டு கார்களில் வந்து இறங்கியது. எண்ணெய் பூசினார்கள், உரத்த குரலில் ஒரு மணி நேரம் ஜெபித்தார்கள். இந்த வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் சுகம் தடைபடுகிறது என்றார்கள். மருத்துவரைத் தேடிப் போவது கர்த்தரைச் சந்தேகிப்பதாகும் என்று ஒருவர் மென்மையாகவே சொன்னார். புறப்படும்போது, கொடுத்தால் பலமடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லிக் கேட்கும் ‘விதைக் காணிக்கை’ என்ற பேச்சு எழுந்தது. அத்தை கழுத்தில் கிடந்த இரண்டு பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். ரசீது கிடையாது. மறுமாதம் வலி அதிகமாகி நாங்கள் அழைத்தபோது, ஐயா கூட்டத்தில் இருக்கிறார் என்ற பதில் மூன்று முறை வந்தது. நான்காவது முறை அதுவும் வரவில்லை.

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மருத்துவமனை வண்டி வந்தது. ஒரு மருத்துவர், மூத்த சிஸ்டர் ஒருவர், புண் கட்டும் உதவியாளப் பெண் ஒருவர், ஓட்டுநர். முதல் வருகை ஒன்றேகால் மணி நேரம் நீடித்தது. அதில் முக்கால் மணி நேரம் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைத் தொடவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, அத்தையின் முகத்துக்குச் சமமான உயரத்தில் அமர்ந்துகொண்டார். “டீச்சர், இப்போது உங்களுக்கு மிகவும் தொந்தரவாக இருப்பது எது?” என்று கேட்டார். முதுகுவலியால் இரவெல்லாம் முனகுபவர் வலியைத்தான் சொல்வார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அத்தை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “வாடை” என்றார்.

அதன்பின் நடந்தது மிகச் சாதாரணமான ஒரு காரியம். புண்ணை உப்புநீரால் கழுவிய பிறகு, மெட்ரோனிடசோல் மாத்திரைகளை நுண்ணிய பொடியாக இடித்து, அந்தப் பொடியைப் புண்ணின் மேல் தூவி, பாரஃபின் தடவிய மெல்லிய துணியை வைத்து மூடினார்கள். இத்தகைய புண்களில் வாடையை எழுப்புவது, காற்றில்லாத இடத்தில் பெருகும் கிருமிகள். அவற்றைக் கொல்லும் மருந்து எந்த ஊர் மருந்துக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. உதவியாளப் பெண் என் சின்னத்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, எவ்வளவு நுண்ணியதாக இடிக்க வேண்டும், பழைய துணியைப் பிய்த்து இழுக்காமல் நனைத்து எப்படி எடுக்க வேண்டும் என்று இரண்டு முறை செய்து காட்டி, மூன்றாவது முறை அவரையே செய்யவைத்தார். வீட்டில் மிளகு இடிக்கும் சிறிய கல்லுரலைத்தான் பயன்படுத்தினோம்; அன்று முதல் அது மருந்து உரலாகிவிட்டது. நான்காம் நாள் வாடை பாதியாகக் குறைந்தது. பத்தாம் நாள் அறைக்குள் ஊதுபத்தி கொளுத்துவதை நிறுத்தினோம். செப்டம்பர் கடைசி ஞாயிறன்று அத்தை ஆலயத்துக்குப் போய், தன் பழைய இரண்டாவது வரிசையில் அமர்ந்து, நற்கருணை எடுத்துக்கொண்டு வந்தார். இந்தச் சேவைக்கு நான் எத்தனை மதிப்பெண் கொடுத்தாலும், பெரும்பகுதி அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான்.

வலிக்கு அவர்கள் கொடுத்தது மார்ஃபின் மாத்திரை. அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் ஒரு கலக்கம் உண்டாயிற்று. ‘கடைசி மருந்து’ என்றும், பழக்கமாகிவிடும் என்றும் ஆளுக்கொன்று சொன்னார்கள். சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். உண்மையான வலிக்காக அளவறிந்து கொடுக்கப்படும்போது அடிமைத்தனத்தை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. வலி வந்த பிறகு கொடுப்பதல்ல முறை, வலி தலைதூக்குவதற்கு முன்பே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இரவு படுக்கும்போது இரண்டு வேளை அளவைச் சேர்த்துக் கொடுத்தால் நடுநிசியில் எழுப்ப வேண்டியதில்லை. மலச்சிக்கல் தவறாமல் வரும் என்பதால் அதற்கான மாத்திரையை முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். இவை எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனார்கள். முதுகெலும்பு வலிக்கு மட்டும் புற்றுநோய் மையம் ஒன்றில் ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். எலும்பில் பரவிய நோயின் வலியைக் குறைக்க 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே அமர்வு பெரும்பாலும் போதும் என்பது மருத்துவ உலகில் நிலைபெற்ற செய்தி. பத்து முறை வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தால் அத்தை தாங்கியிருக்கமாட்டார்.

மார்ஃபின் இந்தியாவில் எளிதாகக் கிடைக்காமல் போனதற்கு 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும், அதையொட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் பெற வேண்டியிருந்த உரிமங்களும் காரணம். கஞ்சாக் கடத்துபவனைப் பிடிக்கப் போட்ட வலையில், வலியால் துடிக்கும் கிழவிகளும் சிக்கிக்கொண்டார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் ஒரே அனுமதியின்கீழ் இருப்பு வைத்துக் கொடுக்க வழி பிறந்தது. ஆனால் வழி பிறந்தது என்பதாலேயே எல்லா மருத்துவமனைகளும் அந்த அங்கீகாரத்தைத் தேடிப் போய்விடுவதில்லை. ஒவ்வொரு மாத்திரைக்கும் பதிவேட்டில் கணக்கு எழுத வேண்டும், அதில் இலாபம் எதுவும் இல்லை. இந்த மருத்துவமனை அந்தச் சுமையை ஏற்றிருக்கிறது. ஒவ்வொரு செவ்வாயும் சிஸ்டர் எங்கள் டப்பாவிலிருந்த மாத்திரைகளை ஒரு தட்டில் கொட்டி எண்ணி, பதிவேட்டில் எழுதி, சின்னத்தையிடம் கையெழுத்து வாங்கிய பிறகே புதியதைக் கொடுத்தார். முதல் இரண்டு வாரங்கள் எனக்கு அது சற்று அவமதிப்பாகக்கூடப் பட்டது. சங்கிலி போன கதையை நினைத்துப் பார்த்த பிறகு அந்த எண்ணிக்கையின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டாயிற்று.

விசுவாசத்தைப் பற்றி இங்கே சிறிது பேச வேண்டும். இந்தச் சேவையின் தனித்தன்மை அங்கேதான் இருக்கிறது. இன்று உலகெங்கும் நடக்கும் இவ்வகைச் சிகிச்சைக்கு அடித்தளம் இட்டவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி. செவிலியாக இருந்து, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, இறக்கும் நோயாளிகளுக்காகவே மருத்துவம் படித்து 1957-இல் மருத்துவரானவர். 1948-இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதர், நீங்கள் கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு சன்னலாக இருப்பேன் என்று சொல்லி 500 பவுண்டு விட்டுச்சென்றார். அந்த இல்லம் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற பெயரில் 1967-இல் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சாண்டர்ஸ், கத்தோலிக்கக் கன்னியர்கள் நடத்திய செயின்ட் ஜோசப் இல்லத்தில், வலிக்கு மார்ஃபினை நேரம் தவறாமல் வாய்வழியே கொடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசம் உள்ளவர். ஆயினும் தம் இல்லத்துக்கு வருபவர் அந்த விசுவாசத்துக்குள் வர வேண்டும் என்று ஒருபோதும் நிபந்தனை வைக்கவில்லை. வலி என்பது உடம்போடு முடிவதில்லை, மனமும் குடும்பமும் ஆன்மாவும் சேர்ந்து நோகின்றன என்று அவர் சொன்னதை வைத்துத்தான், எங்கள் வீட்டுக்கு வந்த மருத்துவர் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று இப்போது புரிகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு போக்கும் கிறிஸ்தவத்துக்குள்ளேயே உண்டு. துன்பம் பரிசுத்தமானது, அதைச் சகிப்பது சிலுவையில் பங்கெடுப்பது, ஆகையால் அதை மாத்திரையால் மட்டுப்படுத்த அவசரப்பட வேண்டியதில்லை என்ற மனப்பாங்கு அது. கொல்கத்தா காளிகாட்டில் அன்னை தெரசா 1952-இல் தொடங்கிய இல்லத்துக்குச் சென்று பார்த்த ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், அவ்விதழில் 1994-இல் எழுதிய கட்டுரையில், அங்கே அன்பும் தூய்மையும் இருந்தன, வலுவான வலிநிவாரணிகள் இல்லை என்று சுட்டிக்காட்டினார். தெருவோரத்தில் கிடந்தவர்களை வாரியெடுத்த கைகளைப் பழிப்பது எனக்கு நோக்கமல்ல. அதைச் செய்ய எனக்குத் தகுதியும் கிடையாது. ஆனால் கூடவே இருந்து கையைப் பிடித்துக்கொள்வதும், வலிக்குரிய மருந்தை வரவழைத்துக் கொடுப்பதும் வெவ்வேறு கடமைகள். முன்னது இருந்தால் பின்னது தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. எங்கள் அத்தையும் முதல் வாரத்தில், “ஆண்டவர் பட்ட பாட்டுக்கு முன்னால இது என்ன” என்று சொல்லி மாத்திரையை மறுத்தவர்தான். சிஸ்டர் வாதாடவில்லை. “டீச்சர், வலி இல்லாம இருந்தா நீங்க பைபிள்ல சங்கீதம் வாசிக்கலாம்ல, இப்போ வாசிக்க முடியுதா?” என்று மட்டும் கேட்டார். அத்தை யோசித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

ஜெபத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மிஷன் மருத்துவமனை என்றால் கட்டாயம் ஜெபிப்பார்கள், துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எங்கள் கோப்பின் முதல் பக்கத்தில், ஒவ்வாமை, இரத்த வகை ஆகியவற்றுக்குக் கீழே, ‘ஜெபம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கிறிஸ்தவ வீடு என்று தெரிந்திருந்தும், சுவரில் வசன அட்டைகள் நான்கு தொங்குவதைப் பார்த்தும், சிஸ்டர் அத்தையிடம் கேட்டு, ‘கேட்டால் மட்டும்’ என்று அந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டார். உரத்த ஜெபத்தில் அடிபட்டிருந்த அத்தை இரண்டு மாதம் கேட்கவில்லை, அவர்களும் செய்யவில்லை. அக்டோபரில் ஒரு நாள் அத்தை தாமாகவே கேட்டபோது, சிஸ்டர் செய்த ஜெபம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மூன்று தெரு தள்ளி, வாயில் புற்றுநோய் கண்ட ஓர் இந்துப் பெரியவரையும் இதே வண்டிதான் பார்த்தது. அவருடைய கோப்பில் அந்தக் கட்டம் காலியாக இருந்ததாக அவர் மகன் சொன்னார். சிகிச்சையில் கடுகளவு வேறுபாடும் இல்லை.

உண்மையைச் சொல்வதில் அவர்கள் கடைப்பிடித்த முறை எங்களைச் சங்கடப்படுத்தியது. அத்தையிடம் நோயின் நிலையைச் சொல்லக்கூடாது என்று நாங்கள் மருத்துவரைத் தனியே அழைத்துக் கேட்டுக்கொண்டோம். நம் வீடுகளில் இது வழக்கம்தான். அவர் கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை. “நானாகப் போய்ச் சொல்லமாட்டேன். அவர்கள் கேட்டால் பொய் சொல்லமாட்டேன்” என்றார். அத்தை நவம்பரில் கேட்டார்: “ஈஸ்டருக்கு இருப்பேனா டாக்டர்?” உறுதியாகச் சொல்ல முடியாது என்றும், கிறிஸ்துமஸுக்கு இருப்பீர்கள் என்று தாம் நினைப்பதாகவும், செய்துமுடிக்க வேண்டியவை இருந்தால் அதற்குள் செய்துகொள்வது நல்லது என்றும் மருத்துவர் பதில் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் கடுங்கோபம் வந்தது. ஆனால் அத்தை அன்று மாலையே எழுதுகோலை எடுத்தார். வீட்டைத் தங்கைக்கு எழுதிவைத்தார்; ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு பகுதியைப் பள்ளி நூலகத்துக்கு ஒதுக்கினார்; பத்தாண்டுகளாகப் பேசாமலிருந்த தம்பிக்குக் கடிதம் எழுதினார். மூச்சுத்திணறல் வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் பொருத்த வேண்டாம் என்பதையும் எழுதித் தர விரும்பினார். உச்ச நீதிமன்றம் 2018-இல் இத்தகைய முன்விருப்ப ஆவணத்தைச் செல்லுபடியாக்கியதையும், 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, நீதித்துறை நடுவருக்குப் பதிலாக நோட்டரி அல்லது கெசட் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று போதும் என்று மாற்றியதையும் மருத்துவரே எடுத்துச் சொன்னார். மறைத்திருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திருக்காது.

வீட்டில் யாரும் எதிர்பாராத ஒரு விதி, தேநீரைப் பற்றியது. குழுவினர் எந்த வீட்டிலும் எதுவும் குடிப்பதில்லை. வண்டியில் அவர்களே பிளாஸ்க் வைத்திருந்தார்கள். வெயிலில் வந்தவர்களுக்கு ஒரு மோர்கூடக் கொடுக்க முடியவில்லையே என்று அத்தைக்குப் பெரிய மனவருத்தம். மூன்றாவது மாதம் அவர் விடாப்பிடியாகக் கேட்டபோது, சிஸ்டர் தயக்கத்தோடு காரணத்தைச் சொன்னார். முன்பு ஒரு வீட்டில், மருத்துவருக்கும் சிஸ்டருக்கும் பீங்கான் கோப்பையிலும், புண் கட்டும் பெண்ணுக்கும் ஓட்டுநருக்கும் காகிதக் கோப்பையிலும் தேநீர் வந்ததாம். அதுவும் சபை மூப்பர் ஒருவரின் வீடாம். அன்று முதல், நால்வருக்கும் இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். அத்தை அதன்பிறகு ஒன்றும் பேசவில்லை. அவருக்கு என்ன நினைவு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் தாத்தா காலத்தில் கொல்லைப்புறத் திண்ணையில் தனியாக ஒரு தம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஞானஸ்நானம் பெற்றுப் பல தலைமுறை கடந்த வீடு அது. கல்லறைத் தோட்டத்திலேயே சாதிப் பிரிவு பார்த்த சபைகள் தமிழ்நாட்டில் உண்டு என்பது எல்லோரும் அறிந்த வெட்கம். அந்தப் பெண்ணின் கைகள்தான் வாரந்தோறும் அத்தையின் புண்ணைக் கழுவின.

குறைகளுக்கு வருகிறேன். இரவில் அழைப்பதற்கென்று ஒரு தொலைபேசி எண் கொடுத்திருந்தார்கள். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு வலி திடீரென்று கூடியபோது நான்கு முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த அட்டையில், இடையில் வலி வந்தால் கொடுக்க வேண்டிய கூடுதல் அளவு எழுதியிருந்ததால் தப்பித்தோம். ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சின்னத்தை இன்னும் மறக்கவில்லை. செவ்வாயன்று சிஸ்டர் மன்னிப்புக் கேட்டார். கைபேசி வேறொரு அறையில் சார்ஜில் இருந்திருக்கிறது. எங்கள் புகாரை எங்கள் எதிரிலேயே ஒரு பதிவேட்டில் எழுதி, அடுத்த வாரம் இரண்டாவது எண் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். அதன்பின் தவறவில்லை. ஆனாலும் இரவில் நேரில் வரும் ஏற்பாடு அவர்களிடம் இல்லை என்பதைச் சேருபவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவர் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறைதான் வருவார். இடையில் சிஸ்டர் மட்டும். மருத்துவமனையிலிருந்து 25 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதில்லை. ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. 34 ஆண்டுகள் தமிழ் கற்பித்த ஒருவரிடம், தன் மரணத்தைப் பற்றிய தாளில் புரியாத மொழியில் கையெழுத்துக் கேட்பது என்ன நியாயம்? சொன்னேன், மொழிபெயர்ப்பு நடக்கிறது என்றார்கள், மார்ச் வரை நடந்துகொண்டுதான் இருந்தது.

இயன்முறைச் சிகிச்சை அவர்களிடம் கிடையாது. அதற்கு, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர் வந்து, வீங்கிய கையைத் தேய்த்துவிடவும் தாங்கிப் பிடித்து நடக்கவைக்கவும் கற்றுக்கொடுத்தார். இதைச் சொல்லும்போது ஒரு கேள்வி எழுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1922-இல் எவரெஸ்ட் மலையேறும் குழுவில் வந்த ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர், திரும்பும் வழியில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூருக்கு வந்து, அங்கே காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டு, இலண்டனில் கிடைக்கவிருந்த வாழ்க்கையை உதறிவிட்டு இங்கேயே பணிசெய்ய வந்துவிட்டார். அக்காலத்தில் வேறு யாரும் செய்யாததை மிஷன்கள் செய்தன. இன்று அரசு வீட்டு வாசலுக்கே வரும்போது, சபைக்கென்று மிஞ்சியிருக்கும் வேலை என்ன? மாத்திரையில் ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். மாத்திரை யார் கொடுத்தாலும் மாத்திரைதான். முக்காலியை இழுத்துப்போட்டு உட்காருவதற்கான நேரத்தையும், தேநீரை மறுக்கும் பிடிவாதத்தையும், பொய் சொல்லமாட்டேன் என்று உறவினர் முன் நிற்கும் துணிவையும் எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுதிக் கேட்க முடியாது. ஆனால் அதற்கும் டீசல் வேண்டும், சம்பளம் வேண்டும். திருச்சபை நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் திருமண்டலத் தேர்தல் சமயத்தில் எங்கள் பக்கத்துச் சுவர்களில் ஒட்டப்படும் வண்ணச் சுவரொட்டிகளின் செலவைக் கொண்டு மூன்றாவது வண்டி ஒன்று வாங்கிவிடலாம் என்று ஓட்டுநர் ஒருமுறை முணுமுணுத்தார். நான் மறுக்கவில்லை.

வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனைத் தூக்கிச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியனின் கதையைக் கேட்காத கிறிஸ்தவர் இல்லை. ஆனால் பிரசங்கங்கள் பெரும்பாலும் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன. மறுநாள் காலையில் அவன் சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தை எண்ணிக் கொடுக்கிறான். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்கிறான். அந்தக் காலத்தில் ஒரு பணம் ஒரு நாள் கூலி. சாலையோரத்து இரக்கம் அத்துடன் கணக்காகவும் தவணையாகவும் மாறிவிடுகிறது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் குழுவிடம் இல்லாமலிருந்ததும், இரண்டாவது குழுவிடம் நிறைய இருந்ததும் அந்தத் ‘திரும்பி வரும்போது’தான்.

கட்டணம் பற்றி: பதிவுக்கு 100 ரூபாய். வருகைக்குத் தனிக் கட்டணம் இல்லை. இயன்றதைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். பத்து ரூபாய் கொடுத்தாலும் ரசீது எழுதுகிறார்கள். மார்ஃபினுக்குப் பணம் வாங்குவதில்லை. மற்ற மருந்துகளுக்கு வெளிக்கடையைவிடக் குறைவு. காற்றடைத்த படுக்கையை முன்பணம் எதுவும் இல்லாமல் தந்தார்கள். சேருவதற்கு முந்தைய சிகிச்சைத் தாள்களும், வீட்டில் புண் கட்டக் கற்றுக்கொள்ளச் சம்மதிக்கும் ஒருவரும் தேவை. அப்படி ஒருவர் இல்லாத வீட்டுக்கு இந்தச் சேவை முழுமையாகப் பயன்படாது. தனியே வாழும் முதியவர்களுக்கு அவர்களிடம் இன்னும் விடை இல்லை. நோய் முற்றிய பிறகுதான் அழைக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்னும் நான்கு மாதம் முன்னதாக வந்திருந்தால் அத்தை இன்னும் பதினாறு ஞாயிறு ஆலயத்துக்குப் போயிருப்பார்.

அத்தை மார்ச் மாதத்தில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தன் கட்டிலிலேயே இறந்தார். முந்தைய நாள் மாலை சங்கீதப் பகுதி ஒன்றைச் சின்னத்தை வாசிக்க, ஒரு சொல்லின் தவறான உச்சரிப்பைத் திருத்தியதுதான் எனக்குத் தெரிந்து அத்தை தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு.

அடக்கம் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை, வழக்கமான பத்தரை மணிக்கு வண்டி வந்தது. இனி வர மாட்டார்கள் என்று நினைத்திருந்தோம். இறப்புக்குப் பின் ஒருமுறை வருவது அவர்களுடைய முறையாம். சின்னத்தையோடு சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு சிஸ்டர் தட்டைக் கேட்டு வாங்கி, மிச்சமிருந்த மாத்திரைகளைக் கொட்டி எண்ணினார், 23 இருந்தன. பதிவேட்டில் எழுதி, கோடு கிழித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஓட்டுநரும் நானும் காற்றுப் படுக்கையைச் சுருட்டி வண்டியில் ஏற்றினோம். அடுத்த ஊரில் ஒருவர் அதற்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் சின்னத்தை அடுக்களையிலிருந்து ஒரே மாதிரியான நான்கு வெண்கலத் தம்ளர்களில் மோர் கொண்டுவந்து திண்ணையில் வைத்திருந்தார். அக்காதான் சொல்லிவிட்டுப் போனாள் என்றார். சிஸ்டர் அந்தத் தம்ளர்களைப் பார்த்தார், உதவியாளப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண்தான் முதலில் எடுத்தாள்.